நாலு மணி வேன்

வேலையை விட்டு இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது.

பதினான்கு வருஷம் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையைக் கட்டி ஆண்டவள் பெரியவள். எந்த நோயாளியின் ஃபைலைக் கேட்டாலும், கேட்டவர் வாயை மூடுவதற்குள் எடுத்து நீட்டிவிடுவாள். அலமாரி, டப்பா, சாவி, சுவிட்ச் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டுகிற பழக்கம் இருந்ததால் அங்கே எல்லோருக்கும் அவள் ‘லேபிள் அக்கா’. அந்த லேபிள் அக்காதான் ஒருநாள் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். சாமான் மண்டிக் கிடக்கும் இடங்களையும், தேடித் தேடியே பாதி நாளைத் தொலைக்கிறவர்களின் வேலையையும் ஒழுங்கு செய்து கொடுப்பதுதான் இனி தன் தொழில் என்று வீட்டில் சொன்னாள்.

வீட்டில் என்றால், முக்கியமாகக் கணவரிடம். அவர் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். ஒரு வண்டி இரண்டு நிமிஷம் பிந்தினாலும் அவருக்குத் தலைவலி வந்துவிடும். மாசச் சம்பளத்தை உதறிவிட்டு ஒருத்தி எப்படி நிம்மதியாகத் தூங்குகிறாள் என்பது அவருக்குப் புரியவே இல்லை. “அடுக்கி வைக்கிறதுக்கெல்லாம் யாராவது ஆள் கூப்பிடுவாங்களா?” என்று கேட்டார். மூன்று மாசம் பொறுத்துப் பாருங்கள், ஒன்றும் நடக்கவில்லை என்றால் பழைய வேலையையே போய்க் கேட்கிறேன் என்றாள் அவள்.

போன வாரக் கடைசியில் அந்தப் பேச்சு மறுபடியும் வெடித்து, அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதிலிருந்து இரண்டு நாளாக வீட்டுப் பேச்சுவார்த்தை முழுக்க ஃப்ரிட்ஜ் கதவில்தான். ‘பால் தீர்ந்துவிட்டது’ என்று அவள் சீட்டு ஒட்டினால், ‘வாங்கியாயிற்று’ என்று கீழே அவர் அச்சடித்தது போன்ற கையெழுத்தில் எழுதி வைப்பார்.

இன்று காலை அவள் ஒட்டிவிட்டு வந்த சீட்டில் ஒரே வரி இருந்தது. ‘முதல் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் ஆகும்.’

கீழே அவர் என்ன எழுதினார் என்று பார்க்க அவள் நிற்கவில்லை. ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

வேலையைப் பிடித்துக் கொடுத்தவள் சின்னவள். பெரியவளின் ஒரே தங்கை. தையல்காரி. கத்தரிக்கோலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே கத்தரிக்கோலைத் தேடுகிற ரகம். ஒரு நாடகக் குழுவுக்கு நாலு வருஷமாக உடை தைத்துக் கொடுக்கிறாள். அந்தக் குழுவின் சாமான்கள் ஒரு மூடிப்போன சோப்புக் கம்பெனியின் கிடங்கில் கிடந்தன. கதவைத் திறந்ததும் இன்னமும் சோப்பு வாசம்தான் வரும். அதற்கு அடுத்து வருவது, முப்பது வருஷமாக ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த பொருள்கள். கிரீடங்கள், மரக்கத்திகள், மூட்டை மூட்டையாக மேலங்கிகள், ஒட்டுமீசைகள், ஒரு சிம்மாசனம், அரைப் படகு.

அரைப் படகுதான். பார்வையாளர்களுக்கு ஒரு பக்கம் தெரிந்தால் போதுமே.

குழுவை நடத்துபவரை எல்லோரும் வாத்தியார் என்பார்கள். அறுபதைத் தாண்டியவர், மெல்லிய குரல். முதல்நாள் போனில் அவர் நிலைமையை விவரித்தபோதே பெரியவளுக்குக் கை பரபரத்தது. போன தடவை வெளியூர் போனபோது ராஜா நாடகத்துக்கு ராஜாவின் கிரீடம் வரவில்லை. வக்கீல் நாடகத்தின் கறுப்பு அங்கியைத் தலையில் சுற்றிக்கொண்டு ராஜா அரசாண்டார். அவர் உயிரை விடும் காட்சியில் அரங்கமே சிரித்தது. திரை விழுந்த பிறகு, படகு நாடகத்துப் பெட்டியில் மீன் வலைக்கு அடியிலிருந்து கிரீடம் வெளியே வந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கூப்பிட மாட்டோம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது அதே ஊரிலிருந்து தொடங்கி ஒன்பது நாள் பயணம். மூன்று நாடகங்கள். இன்று மாலை நாலு மணிக்கு வேன்.

ஏழு மணிக்கு அவள் கிடங்குக் கதவைத் திறந்தாள். சுண்ணாம்புக் கட்டி, டேப், மார்க்கர், ஒட்டுச்சீட்டுக் கட்டு எல்லாவற்றையும் ஒரு பெட்டியின்மேல் வரிசையாக வைத்தாள். கால் தரையில் பாவவில்லை.

சின்னவள் ஏற்கெனவே வந்து, இரண்டு கையிலும் துணியை அள்ளிக்கொண்டு நின்றாள்.

“எங்கேருந்து ஆரம்பிக்கறதுக்கா?”

“உன் கையில இருக்கறதுலேருந்து.”

ஐந்து மணி நேரம் அவள் உட்காரவே இல்லை. கிரீடங்களோடு கிரீடம், பூட்ஸோடு பூட்ஸ், கத்தி, கம்பு, துடுப்பு எல்லாம் ஒரு மூலையில். சட்டைகள் அளவு வாரியாகக் கம்பியில். ஒட்டுமீசை, தாடி, சடை எல்லாம் அறை அறையாகத் தடுத்த தட்டில். இருபத்துமூன்று பெட்டிக்கும் சீட்டு. நடிகர்கள் ஒருவர் ஒருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். எப்போதும் ராஜாவாகவே வரும் பெரிய உடம்புக்காரர், பன்னிரண்டு கிரீடங்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்து, இத்தனை ராஜ்ஜியம் தனக்கு இருந்தது தனக்கே தெரியாது என்றார். எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மணி பன்னிரண்டு. வாத்தியார் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். தாராளமாக என்றாள் அவள்.

“படகு நாடகம், மூணாவது காட்சி. நம்ம ராஜா படகுக்காரனா வரணும்.”

ராஜா வேஷக்காரர் ஓடினார். கிழிந்த சட்டை கம்பியில் இருந்தது. ரப்பர் பூட்ஸ் பூட்ஸ் பெட்டியில், அதுவும் அடியில். துடுப்பு கத்திகளுக்கு நடுவே. லாந்தர் விளக்குப் பெட்டியில். தாடித் தட்டில் ஒன்பது தாடி. எது படகுக்காரனுடையது என்று சின்னவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அவர் கிடங்கின் நாலு மூலைக்கும் மாறி மாறி ஓடினார். பெரியவள் சிரித்த முகத்தோடுதான் பார்க்க ஆரம்பித்தாள். மூன்றாவது மூலைக்கு அவர் ஓடும்போது சிரிப்பு தானாகவே இறங்கிவிட்டது.

ஏழு நிமிஷம்.

“மேடையில இதுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?” என்று அவள் கேட்டாள்.

ஒன்றரை நிமிஷம் என்றார் வாத்தியார். சொல்லிவிட்டு, அவள் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டார். “பரவாயில்லம்மா. நல்லா சுத்தம் பண்ணிக் குடுத்துட்டீங்க. நாங்க எப்பவும்போல அள்ளிப் போட்டுக்கிட்டுக் கிளம்பறோம்.”

சுத்தம் பண்ணிக் கொடுத்தாளாம். பெருக்கித் துடைத்தவளுக்குச் சொல்கிற நன்றி அது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பெரியவளுக்கு. ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டிய ராஜா வேஷக்காரர் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்தார். சின்னவள் ஒரு பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் கணவர் வந்து நின்றார்.

டெப்போ சட்டை, பையில் இரண்டு பேனா. கையில் அவளுடைய கண்ணாடிக் கூடு. படிக்கும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததையே பெரியவள் அப்போதுதான் உணர்ந்தாள். காலையிலிருந்து கண்ணைச் சுருக்கிச் சுருக்கியே சீட்டு எழுதியிருக்கிறாள். அவருக்கு மதிய இடைவேளை நாற்பது நிமிஷம். டெப்போவிலிருந்து இங்கே வரவே இருபது நிமிஷம் ஆகும்.

“கண்ணாடி,” என்றார். இரண்டு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்.

வாங்கிக்கொண்டாள். அவர் போகாமல் கிடங்கை ஒரு சுற்றுப் பார்த்தார். பெட்டிகள், சீட்டுகள், வரிசை. மைத்துனி ஏன் இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டார். சின்னவள்தான் நடந்ததைச் சொன்னாள். ஏழு நிமிஷம் என்றதும் அவர் புருவம் ஏறியது. பெரியவள் காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தாள். இதோ வரப்போகிறது, நான் அப்பவே சொன்னேனே என்று.

அவர் சொன்னது அது இல்லை.

“எங்க டெப்போவுல நூத்தி நாப்பது பஸ் நிக்குது. நாங்க என்ன கலர் பாத்தா நிறுத்தறோம்? அஞ்சு பத்துக்குக் கிளம்பற வண்டி வாசல்ல நிக்கணும். அஞ்சு இருபது வண்டி அதுக்குப் பின்னால. நீ என்னடான்னா எல்லாப் பச்சை பஸ்ஸையும் ஒரு மூலையில நிறுத்தி வச்சிருக்கே. அழகாத்தான் இருக்கு. எப்படி வெளிய எடுப்பே?”

குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் பெரியவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். பூட்ஸ், தாடி, துடுப்பு எல்லாம் அவள் கண்முன் பஸ் பஸ்ஸாக நகர்ந்தன. ஆஸ்பத்திரியில் நம்பர் வாரியாக அடுக்கியது சரி. அங்கே டாக்டர்கள் நம்பரைச் சொல்லித்தான் கேட்டார்கள். இங்கே யார் வந்து ‘ஒரு தாடி கொடுங்கள்’ என்று கேட்கப்போகிறார்கள்? இங்கே கேட்கப்படுவது ஒரே கேள்விதான். அடுத்து நான் என்ன போடணும்?

கேட்கிறவனின் கேள்வியைக் கேட்காமலே அடுக்கிவிட்டாள். பார்க்கிற கண்ணுக்காக அடுக்கிவிட்டாள்.

“வாத்தியார்,” என்று திரும்பினாள். “எந்தக் காட்சியில யாரு என்ன போட்டுக்கிட்டு எந்தப் பக்கத்துலேருந்து வரணும்னு எழுதி வச்ச பட்டியல் எங்க இருக்கு?”

அப்படி எதுவும் கிடையாது என்றார் அவர். முப்பது வருஷமாக எல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது.

“அப்போ தலையைக் குடுங்க. மூணு மணி நேரம் போதும்.”

வாத்தியார் தயங்கினார். மணி பன்னிரண்டே முக்கால். இப்போது கலைத்துவிட்டு முடிக்காமல் போனால் அள்ளிப் போடக்கூட நேரம் இருக்காது. அது பெரியவளுக்கும் தெரியும். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் குதித்துக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷத்தில் ஒருநாள்கூட இப்படிக் குதித்ததில்லை.

“இது நடக்கலேன்னா, அந்த ஊர்க்காரங்ககிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன்.”

ராஜா வேஷக்காரர் ஒற்றைப் பூட்ஸோடு எழுந்து நின்றார். தான் தயார் என்றார். அவர் சொன்ன பிறகு மற்ற நடிகர்களும் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். வாத்தியார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் திரை விலகியிருக்க வேண்டும். காட்சி காட்சியாகச் சொல்ல ஆரம்பித்தார்.

எழுத ஆள் வேண்டும். சின்னவள் எழுதினால் சின்னவளாலேயே படிக்க முடியாது. பெரியவள் பேனாவோடு தரையில் உட்காரப் போனாள்.

“கோடு நான் போடறேன், நகரு,” என்று ஒரு குரல் கேட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனாவையும் எடுத்துவிட்டிருந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. அட்டையைத் தொடையில் வைத்து நாலு கட்டம் இழுத்தார். காட்சி. யார். என்ன. எந்தப் பக்கம். பிறகு ஓரமாகப் போய் டெப்போவுக்குப் போன் செய்தார். பத்தொன்பது வருஷத்தில் அரை நாள் லீவு கேட்டு அறியாத மனிதர். பொய் சொல்லவும் வராது. காரணம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வீட்டுக்காரம்மா கம்பெனியில ஒரு அவசரம்.”

பெரியவள் குனிந்து ஒரு பெட்டியின் மூடியைத் திறந்தாள். திறக்க வேண்டிய அவசியம் இல்லாத பெட்டி. முகத்தை மறைக்க அதுதான் கிடைத்தது. கம்பெனி. பெயர் இல்லை, பலகை இல்லை, அரை மணி நேரத்துக்கு முன்னால் வாங்கிய அவமானத்தைத் தவிர வேறு வருமானமும் இல்லை. அவர் வாயால் அது கம்பெனி ஆகிவிட்டது.

அதற்கப்புறம் நேரம் பிய்த்துக்கொண்டு பறந்தது.

தரையில் சுண்ணாம்பால் பதினொரு கட்டம் போட்டாள். ஒரு நடிகருக்கு ஒரு கட்டம். அவரவர் தம்தம் கட்டத்தில் நிற்க வேண்டும். வாத்தியார் சொல்லச் சொல்ல, கணவர் எழுத எழுத, பெரியவள் உரக்கப் படித்தாள். சின்னவள் பொருளைக் கண்டுபிடித்து வீசினாள். யாரோ பிடித்தார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் நாடகத்துக்கு ஒன்றாக மூன்று துணிப்பை. முதல் காட்சியில் போடுவது மேலே, கடைசிக் காட்சியில் போடுவது அடியில். பையின் கழுத்தில் சீட்டு. விளக்கு, வலை, சிம்மாசனத்துத் திண்டு போன்ற பொதுச் சாமான்களுக்குக் காட்சி எண் போட்ட பெட்டிகள். இடது பக்கத்திலிருந்து போகிறதற்கு நீலச் சீட்டு, வலது பக்கத்துக்கு மஞ்சள்.

யாரும் சாப்பிடவில்லை. யாரோ தேநீர் வாங்கி வந்தார்கள். அதைக் குடித்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. தாடித் தட்டிலிருந்து ஒன்பது தாடியும் ஒன்பது பைக்குப் போய்ச் சேர்ந்தபோது, ராஜா வேஷக்காரர், தன் தாடியை இத்தனை வருஷத்தில் இன்றுதான் நேருக்கு நேர் சந்தித்ததாகச் சொன்னார்.

ஓர் இடத்தில் மட்டும் வண்டி நின்றது. படகு நாடகத்தில் படகுக்காரனின் தங்கை. வாத்தியார் உடையைச் சொன்னார், எந்தப் பக்கம் என்று சொன்னார். யார் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

“அதைக் காலியா விடுங்க மாமா,” என்றாள் சின்னவள், கணவரிடம். குரல் ஒரு மாதிரி இருந்தது.

அவருக்குக் காலிக் கட்டம் பிடிக்காது. சிவப்புப் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

இரண்டேமுக்கால் மணிக்குப் பத்துக் கட்டத்திலும் ஆட்கள் நின்றார்கள். பதினோராவது கட்டத்தில் யாரும் இல்லை. சாம்பல் நிறப் பாவாடை, மேல்சட்டை, முக்காட்டுத் துணி என்று தங்கை வேஷத்துக்கானது மட்டும் பெட்டிமேல் கிடந்தது. பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னவள் வந்து அதை எடுத்தாள். அவள் எதையும் மடித்துப் பெரியவள் பார்த்ததே கிடையாது. இதை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கசங்காமல், நாலாக மடித்து, பையில் வைத்து, பதினோராவது கட்டத்துக்குள் போய் நின்றாள்.

பெரியவள் அவள் கையைப் பிடித்து, கம்பியில் தொங்கிய மேலங்கிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த வேஷம் போட்ட பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாளாம். ஆறு வாரமாகச் சின்னவள் ஒத்திகை பார்க்கிறாளாம். அளவெடுக்கப் போகிறேன், பொத்தான் தைக்கப் போகிறேன் என்று சொன்னதெல்லாம் அதுதானாம். சொல்லச் சொல்லச் சின்னவளின் கண்கள் மினுமினுத்தன. இந்தக் கண்ணைப் பெரியவள் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். அப்போது கல்லூரி நாடகத்தில் இவள் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப, அம்மா ஒரு வாரம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அம்மாவின் அண்ணன் சின்ன வயதில் ஒரு நாடகக் குழுவோடு போனவர், திரும்பவே இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. இனி மேடைப்பக்கம் போக மாட்டேன் என்று சின்னவள் அம்மாவின் கையில் அடித்துச் சொன்ன பிறகுதான் அடுப்பு எரிந்தது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா நான் இங்க நிப்பேனாக்கா?”

“ஒன்பது நாளுடி. என்ன சொல்லிட்டு வந்தே?”

அம்மாவிடம் அவள் ஒன்றும் சொல்லிவிட்டு வரவில்லை. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு மேலங்கியின் நூல் பிரிந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“நீ ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்தியே, அன்னைக்குத்தான் வாத்தியார்கிட்ட நான் சரின்னு சொன்னேன். அதுவரைக்கும் ஒத்திகையில மத்தவங்களுக்காகச் சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன். எங்கக்காவே துணிஞ்சிட்டா, எனக்கென்னன்னு தோணுச்சு.”

பெரியவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயம் வந்தது, அதோடு கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. தன்னைப் பார்த்து ஒருத்தி துணிவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. தங்கையின் முக்காட்டுத் துணி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை உள்ளே தள்ளினாள். மார்க்கரைத் திறந்து, பையின் கழுத்துச் சீட்டில் ‘சின்னவள்’ என்று எழுதினாள்.

“மூணே கால் ஆச்சு,” என்று வெளியிலிருந்து கணவரின் குரல் வந்தது.

கடைசிச் சோதனை. வாத்தியார் கடிகாரத்தோடு எழுந்து நின்றார். இந்த முறை ராஜா நாடகம். நாலாவது காட்சி முடிந்து ஐந்தாவது. நாடிழந்த ராஜா பிச்சைக்காரனாக வர வேண்டும்.

ராஜா வேஷக்காரர் கிரீடத்தைக் கழற்றி ஒரு கையால் நீட்டினார். மற்றொரு கை பின்னால் போயிற்று. பையின் மேலே கந்தல் அங்கி. அதற்கடியில் தாடி. அதற்கடியில் திருவோடு. ஒரு காலைக்கூட அவர் இடம்பெயர்க்கவில்லை. கட்டத்துக்குள் ராஜாவாக நின்றவர் கட்டத்துக்குள்ளேயே பிச்சைக்காரனாகி, தழுதழுத்த குரலில் தன் முதல் வசனத்தைப் பேசியும் விட்டார்.

“நாப்பத்தோரு செகண்டு,” என்றார் வாத்தியார். நம்பாமல் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. பதினொரு பேரும் தட்டினார்கள். தகரக் கூரையில் பட்டு அது நூறு பேர் தட்டியதுபோல் திரும்பி வந்தது. பெரியவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் அட்டையை இடுக்கிக்கொண்டு, தட்டுகிற கையை யாரும் பார்க்காதபடி இடுப்புக்குக் கீழே வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“எனக்கு என்ன ஆச்சரியம் தெரியுமா?” என்றார் ராஜா வேஷக்காரர், தாடியைக் கழற்றிக்கொண்டே. “நான் திரும்பிக்கூடப் பாக்கல. கைக்கெட்டற தூரத்துல எல்லாம் இருந்துது.”

வேன் வந்து நின்றது. ஏற்றுவது கணவரின் பொறுப்பாகிவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். கடைசியாக நடக்கும் ராஜா நாடகம் உள்ளே ஆழத்தில். படகு நாடகம் நடுவே. நாளைக் காலை முதலில் இறங்க வேண்டிய வக்கீல் நாடகம் கதவோரம். அரைப் படகை எப்படி நிறுத்துவது என்று டிரைவருக்கும் அவருக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. அவர்தான் ஜெயித்தார்.

வாத்தியார் ஒரு காகிதத்தோடு வந்தார். அந்த ஊர் அரங்கில் ஒட்டப்போகும் நிகழ்ச்சித் தாள். நடிகர்கள், ஒளி, ஒலி, உடை எல்லாம் இருந்தது. கடைசியில் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். ‘பொருள் ஒழுங்கு’. அதற்குப் பக்கத்தில் வெற்றிடம்.

“உங்க கம்பெனி பேரு என்னம்மா?”

பத்தொன்பது நாளாக அவள் நோட்டுப் புத்தகத்தில் முப்பது பெயர் எழுதி முப்பதையும் அடித்திருந்தாள். இப்போது யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“‘கைக்கெட்டும் தூரம்’னு போடுங்க.”

வாத்தியார் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கணவர் பேனாவை நீட்டினார். சிவப்பை இல்லை, கறுப்பை. பெரியவள் அவளே எழுதினாள். கணவர் எட்டிப் பார்த்து, ஒற்றெழுத்து விட்டுப்போகவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

நாலு அடிக்க நாலு நிமிஷம் இருந்தது. சின்னவள் வேனில் ஏறும்முன் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவிடம் யார் சொல்வது என்பது மட்டும் அப்படியே நின்றது. வேன் தெருமுனையில் திரும்பும்வரை ஜன்னலில் ஒரு கை ஆடிக்கொண்டே இருந்தது.

காலியான கிடங்கில் சுண்ணாம்புக் கட்டங்கள் மட்டும் மிச்சம். கணவர் அவற்றைச் சுற்றி நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். ராஜா வேஷக்காரரின் தம்பி மருந்துக்கடை வைத்திருக்கிறாராம், கிளம்பும்போது அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டார் என்றார். அவர்களுக்கு எந்த மருந்து எந்த நேரத்தில் அதிகம் போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு நாள் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசுகிறாரோ என்று அவளுக்குத் தோன்றியது. பசிக்கிறதா என்று கேட்டார். அப்போதுதான் பசித்தது.

அவள் போன் அடித்தது. மருந்துக்கடையாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

அம்மா.

“சின்னவ தையக்கடை வாசல்ல நிக்கறேன். பூட்டிக் கிடக்கு. போனும் எடுக்க மாட்டேங்கறா. பக்கத்துக் கடைக்காரர் என்னமோ பெட்டியோட போனாங்கறார்.” அம்மா மூச்சு வாங்கினாள். “உன்கூடத்தான இருக்கா?”

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். தெருமுனையில் வேன் கிளப்பிய தூசி இன்னும் அடங்கவில்லை.

எங்களோடுதான் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்று ராத்திரி எல்லோரும் தூங்கலாம். பெரியவள், சிரிப்பு இன்னும் முழுசாக வடியாத முகத்தை ஒரு கையால் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா, அந்த இடத்தை விட்டு நகராதீங்க. நாங்க ரெண்டு பேரும் வர்றோம். நேர்ல சொல்றேன்.”

“என்ன சொல்லப்போறே?” என்றாள் அம்மா.

கணவர் அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தார்.